போர்ட்டுக்கு வந்தாச்சு, கப்பலைக் காணோம்!

ராத்திரி ஒரு மணிக்கு டெலிபோன் அடித்தால் நம் வீடுகளில் அதற்கு ரெண்டே அர்த்தம்தான். ஒன்று, சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள். இரண்டு, அமெரிக்காவில் இருக்கிற யாரோ இந்தியாவில் இப்போது மணி என்ன என்பதை மறந்துவிட்டார்கள். 2025 மார்ச் மாதம் ஒரு ராத்திரி எங்கள் சிதம்பரம் வீட்டில் மணி அடித்தபோது, மூன்றாவதாக ஒரு அர்த்தமும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

"மாப்ளே, நான் போர்ட்டுக்கு வந்துட்டேன்."

பினாங்கு மாமா குரல்.

"அதுக்குள்ளயா மாமா?"

"வந்தாச்சு. ஆனா இங்க கப்பலைக் காணோம்."

"கப்பல் காலையிலதானே மாமா?"

"அது சரி மாப்ளே. கடலையும் காணோமே!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கடலை ஒரு ராத்திரியில் யாரும் எடுத்துக்கொண்டு போயிருக்க முடியாது. "மாமா, எதிர்ல போர்டு ஏதாவது இருக்கா? படிங்க பார்ப்போம்" என்றேன்.

"அதான் கொட்டை எழுத்துல போட்டிருக்கே. கடலூர் துறைமுகம் சந்திப்பு. இங்கிலீஷ்லயும் போட்டிருக்கு, போர்ட் ஜங்ஷன்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மாமா ஏற வேண்டிய கப்பல் இருப்பது நாகப்பட்டினத்தில். கடலூரிலிருந்து சுமார் நூற்றிருபது கிலோமீட்டர் தெற்கே. விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் என் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். பாட்டி சீக்கிரமே போய்விட்டதால், மாமாவை வளர்த்ததெல்லாம் அம்மாதான். கல்யாணம் ஆகி வரும்போது கைப்பிள்ளை மாதிரி கூடவே கூட்டிக்கொண்டு வந்தார்களாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டிருக்கப் போவதில்லை. தாத்தா பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1968-ல் ஊருக்கு வந்த தாத்தா, 'பயல் பெரியவனாயிட்டான், கல்லாவில் உட்காரட்டும்' என்று பதிமூன்று வயது மாமாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

போனது நாகப்பட்டினத்திலிருந்து, 'ராஜுலா' கப்பலில். தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துப் பழைய ஆட்களிடம் ராஜுலா என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். 1926-ல் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஓட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வரும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலிலேயே நின்றுகொள்ளும். தோணியில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். தவறினால் பினாங்கும் இல்லை, நாகப்பட்டினமும் இல்லை.

ராஜுலாவுக்கு வயதானதும் அந்தத் தடத்தில் இன்னொரு கப்பல் வந்தது. 1966-ல் பிரான்ஸ் தேசத்து டன்கிர்க்கில் கட்டியது. 'பாஸ்தர்' என்று பெயர் வைத்து தென் அமெரிக்காவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் இந்தியக் கப்பல் கழகம் 1970-களின் ஆரம்பத்தில் அதை வாங்கி ஒரு தமிழ்ப் பெயர் வைத்தது. என்ன பெயர்? 'சிதம்பரம்'!

இந்தப் பெயரால் எங்கள் குடும்பம் பட்ட பாடு தனிக் கதை. 1979-ல் மாமாவிடமிருந்து தந்தி வந்தது. அரைவிங் சிதம்பரம் ஃபோர்ட்டீன்த். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு, மாமா சிக்கனக்காரர். பதினாலாம் தேதி விடிகாலையிலேயே அம்மா, அப்பா, பன்னிரண்டு வயது நான், எல்லாரும் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் ஆஜர். வடக்கேயிருந்து வருகிற ரயில், தெற்கேயிருந்து வருகிற ரயில், ஒன்று விடாமல் பார்த்தோம். சாயந்திரம் வரைக்கும் அம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் ஸ்டேஷனில் விற்ற வடையில் ஏழெட்டை ஒழித்துக்கட்டினேன். மாமா வரவில்லை.

அதே நேரத்தில் மாமா நாகப்பட்டினம் கரையில் மூன்று டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, 'சொந்த அக்கா கூட அழைக்க வரலையே' என்று குமுறிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னது, 'சிதம்பரம் கப்பலில் வருகிறேன்' என்று! மறுநாள் காலையில் பஸ்ஸில் பெட்டிகளோடு வந்து இறங்கியவர், வாசலிலேயே நின்று அரை மணி நேரம் சண்டை போட்டார். அப்பா தந்தியை எடுத்துக் காட்டினார். மாமா வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். அப்புறம் காபி கேட்டார்.

அந்தத் தடவை லீவு முடிந்துபோனதால் திரும்பும்போது விமானத்தில் போனார். அடுத்த முறை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறித்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்துபோனார்கள். கப்பல் உடைப்புக்குப் போனது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் போகும் வழக்கமும் அதோடு சரி. அதற்கப்புறம் நாற்பது வருஷம் மாமா வந்ததும் போனதும் மீனம்பாக்கம் வழியாகத்தான்.

இப்படி இருக்கையில் நாகப்பட்டினத்தில் மறுபடியும் கப்பல் என்று செய்தி வந்தது. 2023 அக்டோபர் 14-ம் தேதி யாழ்ப்பாணம் பக்கத்து காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்ற கப்பல் புறப்பட்டது. மழைக்காலம் வந்து சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ம் தேதி 'சிவகங்கை' என்று இன்னொரு கப்பலோடு திரும்பத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரப் பயணம். மாமாவுக்கு எழுபது வயது. கடையைப் பையனிடம் கொடுத்தாயிற்று. "மாப்ளே, நான் அந்தக் கப்பல்ல போகப் போறேன்" என்றார் போனில்.

"காங்கேசன்துறையில உங்களுக்கு யார் மாமா இருக்கா?"

"யாருமில்ல. எங்க போகுதுங்கிறது பெரிசில்ல மாப்ளே. நாகப்பட்டினத்துல ஏறணும், அவ்வளவுதான்."

மாமாவின் பேத்தி கெட்டிக்காரி, கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தாத்தாவுக்குக் கப்பல் ஆசை என்றதும் சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்கத்தான் பார்த்தாள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியதே கார்டிலியா, அந்த மாதிரி. நீச்சல்குளம், நாடகக் கொட்டகை எல்லாம் உள்ளேயே. வசதியும் கூட. மீனம்பாக்கத்தில் இறங்கி ஒரு டாக்ஸி பிடித்தால், டிராபிக் மனசு வைத்தால், ஒரு மணி நேரத்தில் துறைமுகம். மாமா கேட்கவில்லை. "சுத்தியும் கடலு. நடுவுல நீச்சல்குளம் எதுக்கு?" என்றுவிட்டார்.

சரியென்று பேத்தியே போனில் தட்டித் தட்டி எல்லா டிக்கெட்டும் எடுத்தாள். மத்தியானம் சென்னையில் விமானம் இறங்கும். ராத்திரி ரயில். விடியற்காலை துறைமுகம். காலையில் கப்பல். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்ப விமானத்தில் சென்னை, அங்கிருந்து சிதம்பரம் வந்து அக்கா வீட்டில் பத்து நாள். காகிதத்தில் பார்க்க ரொம்ப அழகு. ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. ரயில் போகிற வழியில் எந்த ஸ்டேஷன் துறைமுகம் என்று தேடியிருக்கிறாள். கடலூர் போர்ட் ஜங்ஷன் என்று கண்ணில் பட்டிருக்கிறது. போர்ட் என்றால் கப்பல், ஜங்ஷன் என்றால் ரயில். ரயிலும் கப்பலும் சேருகிற இடம் இதைவிட வேறென்ன இருக்க முடியும்? அவள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். உலகத்தில் மற்ற இடங்களில் பெயருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அந்த ஜங்ஷன், விருத்தாசலத்திலிருந்து வரும் ரயில் பாதை மெயின் லைனோடு சேருகிற ஜங்ஷன். கடலூர் ஓ.டி. என்று நாங்கள் சொல்கிற பழைய நகரத்தில் இருக்கிறது. பக்கத்தில் துறைமுகம் உண்டு, பொய்யில்லை. சாதாரணத் துறைமுகமும் இல்லை. 1690-ல் வெள்ளைக்காரன் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கிய ஊர். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்துக்கொண்டபோது, கம்பெனி தன் தலைமையிடத்தையே கொஞ்ச காலம் இங்கே நடத்தியது. 1783-ல் இந்தக் கடலில்தான் இங்கிலீஷ்காரன் கப்பல்களும் பிரெஞ்சுக்காரன் கப்பல்களும் வரிசை கட்டி நின்று சுட்டுக்கொண்டன. சண்டைக்குக் கப்பல் வந்தது, சரக்குக்கு வந்தது. யாழ்ப்பாணம் போகிற பயணிக்குத்தான் அங்கே கப்பல் கிடையாது.

எங்கள் மாவட்டத்தின் லட்சணமே இதுதான் சார். நெய்வேலியில் நிலக்கரிக் கம்பெனி கட்டிய விமானதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் பெயர் வந்தது, ஓடுபாதையைச் சீர் செய்தார்கள். மாமா வந்த அந்த மார்ச் மாதம் வரைக்கும் டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் வரவில்லை. அது வந்து, இதுவும் வந்தால், விமானத்தில் நெய்வேலியில் இறங்கி முக்கால் மணி நேரத்தில் கடலூரில் கப்பல் ஏறலாம். பேத்தி போட்ட கணக்கு தப்பில்லை. கொஞ்சம் முன்கூட்டிப் போட்டுவிட்டாள்.

இதிலே வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? மாமா ஏறி வந்தது காரைக்கால் எக்ஸ்பிரஸ். விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிற திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, இந்த ரயிலில் ஏறிப் படுத்திருக்கிறார். அது வரைக்கும் ரொம்பச் சரி. அந்த ரயில் சிதம்பரம், மாயவரம், திருவாரூர் வழியாக விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கே போகிறது! மனுஷன் இறங்காமல் குறட்டை விட்டிருந்தால் போதும். பொறுப்பாக அலாரம் வைத்து எழுந்து இறங்கியிருக்கிறார்.

"ரயில் போயிடுச்சா மாமா?"

"போயிடுச்சு மாப்ளே. பின்னாடி சிவப்பு விளக்கு கூடத் தெரியல."

அதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். எண்பத்திரண்டு வயது. காது மந்தம் என்று பெயர், ஆனால் தம்பி பெயர் அடிபட்டால் மூன்று அறைக்கு அப்பால் கேட்கும். "யாரு, அவனா? எங்க இருக்கான்?"

"கடலூர் ஓ.டி.யில."

"அங்க எதுக்குப் போனான்?"

"கப்பல் ஏற."

அம்மா ஒரு வினாடி யோசித்தார்கள். "இவன் பொறந்த நேரமே அப்படி" என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார்கள். இட்லிப் பானை சத்தம் கேட்டது.

நான் இங்கிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய், அவரை அழைத்துக்கொண்டு, திரும்ப இதே வழியாக நாகப்பட்டினம் போவதென்றால் நேரம் போதாது. அவர் அங்கிருந்து கிளம்பி வர வேண்டும். "மாமா, பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றேன்.

அங்கேதான் ஒரு மாநாடே கூடியிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் பேசியவர் டீக்கடைக்காரர். "சார், பெரியவரு நம்ம கடையிலதான் உக்காந்திருக்காரு. ஒண்ணும் கவலைப்படாதீங்க. அடுத்த வண்டி வரும், தஞ்சாவூர் வண்டி. மாயவரத்துல எறங்கிட்டா..." அதற்குள் போன் கை மாறியது. "அவன் சொல்றதைக் கேக்காதீங்க சார். மாயவரத்துல எறங்கி, அந்நேரத்துக்கு என்ன வண்டி இருக்கு? வேளாங்கண்ணி பஸ்ஸு வரும். ஹைவேஸுக்குப் போய் நின்னா கை காட்டலாம்." இன்னொரு குரல், "வேளாங்கண்ணி பஸ் கைகாட்டினா நிப்பானா? நீ நிறுத்திப் பாத்திருக்கியா?" இன்னொருவர், "அட, அவரைப் பாண்டிச்சேரிக்கு அனுப்புங்கய்யா, அங்கேயிருந்து..." இவருக்கு நாகப்பட்டினம் தெற்கே இருக்கிறதா வடக்கே இருக்கிறதா என்பதில் திட்டவட்டமான அபிப்பிராயம் இல்லை.

கடைசியாக ஒரு ஆட்டோக்காரர் வாங்கிப் பேசினார். நறுக்குத் தெறித்த மாதிரி நாலே வார்த்தை. "சிதம்பரத்துல எங்க சார் விடணும்?"

"கீழவீதி. ஆட்டோவிலயா வரீங்க? நாப்பது கிலோமீட்டர் இருக்குமே!"

"பெரியவருக்குக் கப்பல் காலைல சார். நீங்க போன வைங்க."

ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. பகலில் டாக்ஸிக்கே அவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். பகலில் நம் மாமா கடலூர் ஓ.டி.யில் மாட்டிக்கொண்டிருக்கவில்லையே!

நான் அடுத்த தெரு டிரைவர் தம்பியை எழுப்பிக் காரோடு வரச் சொன்னேன். இட்லி இறங்கியது. அம்மா கத்திரிக்காய் கொத்சு செய்துகொண்டிருந்தார்கள். சிதம்பரத்துக்காரர்களுக்கு நடராஜருக்கு அடுத்தபடி கொத்சுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு அது தேவை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் மாமா போன் பண்ணிக்கொண்டே வந்தார். சிப்காட் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறார்கள். கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நான் துண்டோடு தயாராக நின்றேன். அம்மா அவர் தலையைத் தடவிப் பார்த்தார்கள்.

"என்னடா, மொத்தமாப் போயிடுச்சு?"

"போட்டோவுல பாத்தியே அக்கா."

"போட்டோவுல வெளிச்சம்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். ஆட்டோக்காரருக்கு நாலு இட்லி. வேண்டாம் என்றார், கொத்சு வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் ஆயிரத்து இருநூறு கொடுத்தேன். இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். "பேசுனது ஆயிரம் சார். கப்பல் கெடைச்சதான்னு ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க."

கார் கிளம்பும்போது பார்த்தால் பின் சீட்டில் அம்மா. எப்போது ஏறினார்கள் என்றே தெரியவில்லை. "அம்மா, இந்த நேரத்துல, இந்த முட்டியோட..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு நீ என் இடுப்புல இருந்தே. இன்னிக்கு நான் காருல இருக்கேன். ஓட்டச் சொல்லு" என்றார்கள்.

கொள்ளிடம் பாலம் தாண்டினோம். சீர்காழியில் ஒரு டீ. திருக்கடையூர் கோபுரம் இருட்டில் கறுப்பாகப் போனது. தரங்கம்பாடி வந்தபோது, 1620-ல் டென்மார்க்காரன் கப்பலில் வந்து கோட்டை கட்டினான், 1706-ல் சீகன்பால்க் கப்பலில் வந்து இறங்கினார் என்று நான் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். டிரைவர் தம்பிக்குத் தூக்கம் வராமல் இருக்கட்டும் என்றுதான் பேசினேன். அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

காரைக்காலுக்குள் நுழையும்போது மாமா தானாகப் பேச ஆரம்பித்தார். அம்மா தூங்குகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துச் சொன்னார்.

"அன்னிக்குத் தோணியில ஏத்திவிட்டாங்க மாப்ளே. அலை தூக்கித் தூக்கிப் போடுது. எனக்குக் கப்பல் ஏணியைத் தவிர வேற எதுவும் கண்ணுல படல. எப்படி ஏறப் போறோம், எப்படி ஏறப் போறோம்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். ஏறி மேல போய் நின்னு பாத்தா கரை தூரமாப் போயிடுச்சு. யாரு யாருன்னு தெரியல. அக்கா கரையில நின்னுக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் உங்கப்பா லெட்டர்ல எழுதினாரு. நான் ஒரு தரம் திரும்பிப் பாக்கல மாப்ளே. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லல. பதிமூணு வயசுல அது தெரியுமா? பெரியவனானப்புறம்தான் அப்பப்ப ராத்திரில வரும். பிளேன்ல என்னத்தத் திரும்பிப் பாக்கிறது? கண்ணாடிக் கதவு சாத்திக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பின் சீட்டில் அம்மாவும் அசையவில்லை. எவர்சில்வர் தூக்கை மடியில் பிடித்திருந்த கை மட்டும் கெட்டியாக இருந்தது.

நாகூர் தாண்டி நாகப்பட்டினம் சேரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. இந்த ஊர் ஆயிரம் வருஷமாகக் கப்பலுக்கு வழியனுப்பிப் பழகிய ஊர். ஸ்ரீவிஜய ராஜா ராஜராஜ சோழன் காலத்தில் இங்கே சூடாமணி விகாரம் கட்டியதற்குச் செப்பேடு இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்துப் போன கடாரம், மாமாவின் பினாங்குக்கு எதிர்க்கரை. ராஜேந்திரனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்டிருக்க மாட்டார்கள். மாமாவிடம் வாசலிலேயே கேட்டார்கள்.

பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே. வெளிநாட்டுப் பயணம், நியாயம்தானே. அம்மாவுக்குத்தான் அது புரியவில்லை. "நான் கூடவா போகப் போறேன்? கப்பல்கிட்ட வரைக்கும்" என்றார்கள். காவலுக்கு நின்ற பிள்ளை பொறுமையாக, "பாட்டி, அதுக்கு மேல நாங்களே போக முடியாது" என்றது. தூக்கைக் காட்டி இது என்ன என்று கேட்டது. கொத்சு என்றேன். "கத்திரிக்காயா?" என்று கேட்டுவிட்டு மூடியை நன்றாக அழுத்தி மூடிக் கொடுத்தது.

மாமா பெட்டியை எடுத்துக்கொண்டார். நாலடி நடந்தார். நின்றார். திரும்பினார்.

"அக்கா, போயிட்டு வரேன்."

அம்மா தலையை ஆட்டினார்கள். பதில் வரவில்லை. மாமா உள்ளே போய்விட்டார்.

அப்புறம் கலங்கரை விளக்கம் பக்கம் கடற்கரைக்குப் போனோம். தூரத்தில் கப்பல் வெளியே வரும்போது பார்க்கலாம் என்று ஒரு மீனவர் சொன்னார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அம்மா நின்றுகொண்டே இருந்தார்கள். டிரைவர் தம்பி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார், அதில் உட்காரவில்லை. கடைசியில் வெள்ளையாகச் சின்னதாக ஒன்று நகர்ந்தது. ராஜுலா மாதிரி இல்லை என்றார்கள். ஆனாலும் முந்தானையை எடுத்து வீசினார்கள். 

மத்தியானம் காங்கேசன்துறையிலிருந்து போன். இப்போது தோணியும் இல்லை, ஏணியும் இல்லையாம். பஸ் ஏறுகிற மாதிரி நடந்து ஏறியாயிற்று என்று மாமாவுக்குக் கொஞ்சம் குறை. இன்னும் ரெண்டு பேர் கொத்சு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். அம்மா போனைப் பிடுங்கினார்கள்.

"பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா! கப்பல் வெளிய வரும்போது பாத்தேன். லைட் ஹவுஸ் பக்கத்துல நின்னே. பச்சைப் புடவை. கைய கைய ஆட்டினியே!"

அம்மா அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குப் புடவை. மீன் கூடையோடு ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார், அவர் பச்சையோ என்னவோ. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"ஆமாண்டா, பச்சைதான்" என்றார்கள் போனில்.

ஆட்டோக்காரருக்கு மறக்காமல் போன் பண்ணினேன். "கெடைச்சுதா சார்?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். பின்னால் டீக்கடையில் யாரோ, "நான் சொன்னேன்ல, மாயவரம் வழின்னா லேட்டாயிருக்கும்" என்று சொல்வது கேட்டது.

நாலு நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து மாமா கூப்பிட்டார். விமான டிக்கெட், ரயில் டிக்கெட் எல்லாம் பேத்தி அனுப்பிவிட்டாளாம்.

"அக்கா, வியாழக்கிழமை சிதம்பரம் வர்றேன்."

அம்மா கேட்டார்கள்:

"ஊருக்கா, கப்பல்லயா?"